இடது கண்ணின் எட்டு டிகிரி

என் அண்ணிக்கு ஆபீஸில் வைத்திருந்த பட்டப்பெயர் ‘இன்னொருவாட்டி’. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, “இன்னொருவாட்டி பாத்துடலாமா?” என்று கேட்பாள். வீட்டிலும் அதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டு நான்கு படி இறங்கியவள் திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடியாயிற்றா என்று அண்ணன் மறந்தும் கேட்க மாட்டான். கேட்டால் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் நிற்க வேண்டியதுதான். நான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில் இதெல்லாம் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். எனக்குப் பொறுமை கிடையாது. இருந்திருந்தால் புருஷன் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

புருஷன் வீட்டை விட்டு இரண்டு பெட்டியோடு நான் வந்து நின்றபோது அண்ணன்தான் ஆயிரம் கேள்வி கேட்டான். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. துணி அலமாரியில் கீழே இரண்டு தட்டுகளைக் காலி செய்து, தூசி தட்டி, பழைய செய்தித்தாளை விரித்துக் கொடுத்தாள். மூன்றாவது மாதம் தன் ஆபீஸிலேயே போன் எடுக்கிற வேலை ஒன்றை எனக்குச் சொல்லி வைத்தாள். “சும்மா உக்காந்திருந்தா மண்டை சூடாகும், வாம்மா,” என்றாள். அவ்வளவுதான் அவள் செய்த உபதேசம்.

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுகிற ஆபீஸ் அது. கண் டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பவரையும் கோணத்தையும் கடையில் கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். எங்கள் மென்பொருள் அதைக் கணக்குப் போட்டு, லென்ஸை எவ்வளவு திருப்பி, எங்கே தேய்ப்பது என்று மெஷினுக்குச் சொல்லும். மெஷின் தேய்க்கும். முன்பெல்லாம் தேய்த்த லென்ஸைக் கடைக்காரர்கள் ஒரு தடவை அளந்து பார்ப்பார்களாம். மெஷின் வந்த பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. மெஷினே சொல்லிவிட்டதே, நாம் யார் கேட்க என்று விட்டுவிட்டார்கள்.

அண்ணி கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பதினொரு வருஷம் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், லென்ஸை பிரேமில் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கடை மூடியபோது, லென்ஸ் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று எங்கள் மேலாளர்தான் அவளை எடுத்தார். முப்பத்தாறு வயதில், மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதக் கற்றுக்கொண்டாள். சமையலறைச் சுவரில் துண்டு துண்டாகக் காகிதம் ஒட்டி வைத்து, குழம்பு கொதிக்கும்போது மனப்பாடம் செய்தாள் என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் கேட்டாலே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் ஆள். படித்துச் செய்கிற வேலை எல்லாமே அவனுக்குக் கேலிதான்.

அவள் வேலையை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஆளுக்கொரு துண்டாக எழுதிய நிரல்களையெல்லாம் சேர்த்து ஒரே மென்பொருளாக உருவாக்கி எடுப்பதற்கு ‘பில்ட்’ என்று பெயர். எங்கள் ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அது நடக்கும். ஒவ்வொரு தடவையும் சர்வர் யாரும் சொல்லாமலே அண்ணியின் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டெஸ்டுகளையும் ஓட்டிப் பார்க்கும். ஒரு டெஸ்ட் என்றால் ஒரே ஒரு சின்னக் கேள்வி. இந்தப் பவர், இந்தக் கோணம், இந்த பிரேம் என்றால் மெஷினுக்கு என்ன எண் போக வேண்டும்? நிரல் சொல்லும் விடையும் அண்ணி எழுதி வைத்த விடையும் ஒன்றாக இருந்தால் பாஸ். ஒன்று பிசகினாலும் பில்ட் அங்கேயே நின்றுவிடும், வாசலுக்கு மேலே இருக்கிற விளக்கு சிவப்பாகிவிடும். எல்லாம் சரியென்றால் பச்சை.

அந்த விடைகளை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்பதுதான் முக்கியம். கம்ப்யூட்டரிலிருந்து அல்ல. இரண்டு வருஷம், சனிக்கிழமை தோறும், ஊர்க்கோடியில் இருந்த ஒரு லென்ஸ் பட்டறைக்குப் போய், கையால் தேய்த்துப் பழகிய ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு லென்ஸாக அளவுக் கருவியில் வைத்து, கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதி எடுத்து வந்தாள். ஒரு லென்ஸை மூன்று தடவை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தால்தான் நோட்டில் ஏறும். அந்தப் பெரியவரே ஒரு நாள், “ஏம்மா, உன் புருஷனை எத்தனை தடவை அளந்து பாத்துக் கட்டிக்கிட்ட?” என்று கேட்டாராம். அதை மட்டும் ஒரே தடவையில் முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு அவள் மேல் கடுப்புதான். விளக்கு சிவந்தால் யார் போட்ட நிரலால் சிவந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று முணுமுணுப்பார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் சிவப்பு காட்டி அது பொய்யாய்ப் போனதாக ஒரு தடவைகூட இல்லை. அது அவர்களுக்குத் தெரியும், அதனாலேயே கடுப்பு இன்னும் அதிகம்.

இந்த நிலையில்தான் மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. மனுஷன் கெட்டவர் இல்லை. யோசனை வந்தால்தான் ஆபத்து. எங்கோ ஒரு தொழிற்சாலையில், ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பலகை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, விளக்குக்குக் கீழே ‘சிவக்காத நாட்கள்’ என்று ஒரு பலகை மாட்டினார். ஒவ்வொரு நாளும் எண்ணை மாற்றுவார். சிவந்தால் மறுபடி பூஜ்ஜியம். நூறு நாள் தாண்டினால் பாராட்டு விழா என்றார்.

விளக்கு சிவந்தால் நிரலைத் திருத்துவார்கள் என்றுதான் அண்ணி நினைத்தாள். அவர்களோ விளக்கையே பகையாளியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பலகை பதினொன்றைத் தாண்டவே இல்லை. “இன்னிக்கு யாரோட பாவம்?” என்று காலையில் வரும்போதே கேட்டுக்கொண்டு வருவார்கள்.

அப்புறம் தசமப் புள்ளி மாற்றம் வந்தது. நிரல் எழுதுகிறவர்களில் மூத்தவனைத் தாடி என்று கூப்பிடுவோம். ஆளுக்கு முன்னால் தாடிதான் அறைக்குள் வரும். கெட்டிக்காரன். மெஷின்கள் புதிதாக வந்ததால் எல்லா விடைகளையும் இன்னும் ஒரு தசமம் நுணுக்கமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நிரலை மாற்றினான். முந்நூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட் சிவந்தது. நிரல் சரிதான். பழைய விடைகளில் அந்தக் கடைசி எண் இல்லை, அவ்வளவுதான்.

“அக்கா, முந்நூறையும் கையால மாத்தினா ஒரு வாரம் போயிடும்,” என்றான் தாடி. “நான் ஒரு ஸ்விட்ச் எழுதறேன். அதைப் போட்டா, எங்கெல்லாம் விடை ஒத்துப்போகலயோ, அங்கெல்லாம் நிரல் சொல்ற புது விடையையே எடுத்து எழுதிக்கும். நீங்க உக்காந்து சரிபாத்துடுங்க.”

அண்ணி ஒத்துக்கொண்டாள். மூன்று நாள் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டாள். விடைகளைப் பார்த்தாள். ஸ்விட்சைப் பார்க்கவில்லை. அதைத் தாடி அணைத்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். வேலை முடிந்ததும் அண்ணியே அணைக்கச் சொல்லுவாள் என்று அவன் நினைத்தான். இன்னொரு தடவை பார்க்கலாமா என்று வாழ்நாளெல்லாம் கேட்டவள் அந்த ஒரு தடவை கேட்கவில்லை. ஸ்விட்ச் பில்டுக்குள்ளேயே திறந்தபடி கிடந்தது.

அதாவது, அன்றிலிருந்து எந்த டெஸ்ட் தோற்றாலும், சர்வர் சத்தமில்லாமல் அண்ணியின் விடையை அழித்துவிட்டு நிரலின் விடையை எழுதிக்கொண்டு பச்சை காட்டிவிடும். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் கையிலேயே விடைக் குறிப்பையும் அழிப்பானையும் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பிள்ளை தோற்கவே தோற்காது.

பலகை ஏறியது. இருபது, நாற்பது, அறுபது. மேலாளர் நடையே மாறிவிட்டது. தலைமையகத்திலிருந்து வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பலகையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கூட்டிப்போவார். நூறாவது நாள் கேக் வெட்டினார்கள். “ஒரு பலகை நம்மை எப்படி மாத்தியிருக்கு பாருங்க,” என்று பேசினார். அண்ணிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். படத்தில் எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் கேடயத்தின் அடியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதில் அவள் பதவியைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நூறு நாளா ஒருத்தன்கூடத் தப்பே பண்ணல. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“உங்களுக்கு நல்லது நடந்தாலும் பயம், நடக்கலன்னாலும் பயம்,” என்றேன்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். அண்ணியின் கதையை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் கதையில் பாதி நான் செய்தது.

என் வேலை போன் எடுப்பது. கண்ணாடி வாங்கியவர்களே கூப்பிடுவார்கள். கடைக்காரர்கள் எங்கள் எண்ணை ரசீதின் பின்னால் அச்சடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தலைவலி, கண்ணெரிச்சல், மங்கல் என்று யார் சொன்னாலும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று திரையில் எழுதியிருக்கும். ‘புதுக் கண்ணாடி பழகுவதற்கு இரண்டு வாரம் ஆகும்.’ நான் அதைத் தேன் ஒழுகச் சொல்லுவேன். புகாரைப் பதிவு செய்து, இரண்டு வாரம் கழித்து நானே அவர்களைக் கூப்பிட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு, பழகிவிட்டது என்றால் முடிக்க வேண்டும். இல்லை என்றால் மேலே அனுப்ப வேண்டும். அதுதான் விதி.

நான் கூப்பிட்டதே இல்லை. முதல் இரண்டு மாதம் கூப்பிட்டேன், பொய் சொல்லக் கூடாது. பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், எடுத்தவர்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பார்கள். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, இரண்டு வாரம் தாண்டிய எல்லாவற்றுக்கும் வரிசையாக, ‘பழகிவிட்டது, வாடிக்கையாளர் திருப்தி’ என்று அடித்து முடித்துவிடுவேன். திட்டமிட்டுச் செய்த திருட்டு என்று சொல்ல மாட்டேன். சோம்பல். ஆனால் சோம்பலுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

பலகை நூறைத் தொட ஏறிக்கொண்டிருந்த மூன்று மாதங்களில் கூப்பிட்டவர்களின் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு டீச்சர், போர்டில் எழுதுகிற வரி தானாகவே கீழே இறங்குகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றார். ஒரு தையல்காரர், இருபது வருஷமாக நேராக வெட்டிய கை இப்போது கோணலாக வெட்டுகிறது என்றார். “எனக்கு வயசாயிடுச்சு போலம்மா,” என்று என்னிடமே மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். எல்லோரும் தங்கள் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார்கள். கண்ணாடியை யாரும் சந்தேகப்படவில்லை. நானும் அவர்கள் கண்ணையே சந்தேகப்பட்டேன், அதுதான் எனக்கு வசதி.

பலகையில் நூற்றுப் பதினெட்டு இருந்த அன்று அண்ணி சாப்பிடப் போகவில்லை. எல்லோரும் கேன்டீனுக்குப் போனதும் ஒரு டெஸ்டைத் திறந்து, தொண்ணூறு என்று இருந்த விடையை வேண்டுமென்றே தொள்ளாயிரம் ஆக்கினாள். லென்ஸில் தொள்ளாயிரம் டிகிரி என்று ஒரு கோணம் கிடையவே கிடையாது. பில்டை ஓட விட்டாள். ஆறு நிமிடம் கழித்து விளக்கு பச்சை. விடைக் கோப்பைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய தொள்ளாயிரம் அங்கே இல்லை. தொண்ணூறு இருந்தது. மறுபடி மாற்றினாள், மறுபடி ஓட்டினாள். நான்கு தடவை. நான்கு தடவையும் பச்சை. இதை அன்று சாயங்காலம் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்.

ஸ்விட்சைக் கண்டுபிடித்து, தன் கம்ப்யூட்டரில் மட்டும் அணைத்தாள். தசமப் புள்ளி மாற்றத்தின்போது தானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பழைய விடைகளை எடுத்து மறுபடி போட்டு, வாசல் விளக்குக்குப் போகாமல் அங்கேயே ஓட்டினாள். இருபத்தேழு சிவந்தது. இருபத்தேழும் இடது கண். பலகையில் முப்பத்தோராவது நாள் யாரோ நிரலில் செய்த ஒரு சின்ன மாற்றம். இடது லென்ஸில் கோணம் தொண்ணூறுக்கு மேல் போனால், எட்டு டிகிரி பிசகு. எட்டு டிகிரி என்றால் அதைப் போட்டுக்கொள்கிறவனுக்குத் தரை சாயும்.

நேராக என் மேஜைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“இந்த மூணு மாசத்துல, தலைவலி, சாய்ஞ்சு தெரியுது, அந்த மாதிரி ஏதாவது புகார் வந்துச்சா?”

“ஒண்ணு ரெண்டு வந்திருக்கும் அண்ணி. எல்லாம் சரியாயிடுச்சு,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இல்லை, நிம்மதிதான் இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை மேலாளர் அறையில் கூட்டம். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. வெளியிலிருந்து எல்லோரும் பார்க்கலாம், கேட்கத்தான் முடியாது. மேலாளர், தாடி, அண்ணி. புகார்ப் பட்டியலோடு என்னையும் கூப்பிட்டார்கள். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று: எல்லாக் கடைகளுக்கும் கடிதம் போட வேண்டும், அந்த மூன்று மாதத்தில் போன இடது லென்ஸ்களை அளந்து பார்த்து, தப்பானதை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

“மேடம், ப்ரோக்ராம்ல தப்பு இருந்துச்சு, ஒத்துக்கறேன்,” என்றார் மேலாளர். “திருத்திடுவோம். ஆனா கடிதம் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா? ஒரு கடை நம்மகிட்ட இருக்காது.”

“ஜனங்க கண்ணு சார்.”

“சரி. எத்தனை பேருக்குப் பாதிப்புன்னு பாப்போம்.” என் பக்கம் திரும்பினார். “எவ்வளவு புகார்?”

“நாப்பத்தி மூணு சார்.”

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்று இரண்டு என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன்.

“அதுல இன்னும் முடியாம இருக்கிறது?”

“ஒண்ணும் இல்ல சார்.”

மேலாளர் பட்டியலை வாங்கி, ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். “நாப்பத்தி மூணு பேரும் திருப்தின்னு போட்டிருக்கு. நீங்களே கூப்பிட்டுக் கேட்டீங்கதானே?”

என் வேலை நிரந்தரமாகும் உத்தரவு அந்த மாதம் வர வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அது இல்லையென்றால் நான் என்றென்றைக்கும் அண்ணன் வீட்டு அலமாரியில் கீழே இரண்டு தட்டுதான். இதெல்லாம் காரணம் என்று சொல்லலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. வார்த்தை தானாக வந்தது.

“கேட்டேன் சார்,” என்றேன்.

“அப்புறம் யாருக்கு மேடம் கடிதம் போடறது?”

அண்ணி பட்டியலைக் கேட்டு வாங்கினாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தாள். புகார் வந்த தேதி, முடித்த தேதி, முடித்த நேரம். அவள் விரல் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து நின்றது. எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். ஐந்து முப்பத்தொன்று, ஐந்து முப்பத்திரண்டு, ஐந்து முப்பத்திமூன்று. பத்தொன்பது பேரைப் பத்தொன்பது நிமிஷத்தில் எவளாலும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. ஒரு எண்ணைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வதுதான் அவள் தொழில்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடிதம் போயிருக்கும், என் வேலை போயிருக்கும். காகிதத்தை இரண்டாக மடித்து மேஜையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“ஆனாலும் கடிதம் போடணும் சார்,” என்றாள். குரலில் முன்னிருந்த பலம் இல்லை. எதை வைத்து வாதாடுவது என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. தெரிந்திருந்ததை எடுத்து வைக்க மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு மேலாளருக்குச் சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் கடைகளுக்குப் போன மென்பொருளோடு ஒரு தாள் போகும். அதில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் அண்ணியின் கையெழுத்து. நான்கு தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு விடைகளை மாற்றச் சம்மதித்த கையெழுத்தையும் எடுத்து வைத்தார். “ஸ்விட்ச் போட்டது உங்களுக்குத் தெரிஞ்சுதானே நடந்துச்சு?” என்று கேட்டார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். “தெரியும் சார்,” என்றாள். தாடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அணைக்க வேண்டியது தன் வேலை என்று அவன் வாயிலிருந்து வரவில்லை. அவனுக்கும் வீடு வாசல் இருக்கிறது. அந்த அறையில் எல்லோருக்கும் வீடு வாசல் இருந்தது.

ராஜினாமாக் கடிதத்தை அவளே எழுதினாள். மேலாளர் எழுதி வைத்திருந்ததில் இரண்டு பிழை இருக்கிறது என்று சொல்லி, வேறு தாளில் எழுதிக் கொடுத்தாள். நிரலைத் தாடி அடுத்த நாளே திருத்திவிட்டான். அடுத்த மாதம் கடைகளுக்குப் போன குறிப்பில் ‘சிறு திருத்தங்கள்’ என்று இருந்தது. புதிதாகத் தேய்த்த லென்ஸ்கள் எல்லாம் சரியாக வந்தன. பழையவை இருக்கிற மூக்குகளிலேயே இருந்தன. பலகையைக்கூடப் பூஜ்ஜியமாக்கவில்லை. விளக்கு என்னவோ சிவக்கவில்லையே என்றார் மேலாளர்.

வீட்டில் அண்ணன் குதித்தான். “ஊரே தூங்கினாலும் நீ நோண்டி நோண்டிப் பாப்பே. கடைசியில உன்னைத்தான் வெளிய அனுப்பினாங்க பாரு. அப்படி என்ன பண்ணினே?”

“வேலைய சரியா பாக்கலன்னு சொல்லிட்டாங்க,” என்றாள் அண்ணி. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேறு வேலை தேடினாள். சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தப்பு நடந்துவிட்டது என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு கண்ணாடிக் கடையில், மறுபடி பின்னறையில், லென்ஸ் பொருத்துகிற வேலைக்கே போனாள். எட்டு வருஷம் முன்னால் விட்ட இடம். எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. “நல்லது,” என்று சொல்லிக் கை குலுக்கினாள். நடிப்பில்லை. என் மேல் கோபம் இருந்தால் இரண்டு அறை விட்டிருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என்னோடு எல்லாம் பேசினாள், கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

இரண்டு மாதம் தாங்கினேன். அப்புறம் ஒரு நாள் ஆபீஸில், பட்டியலைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்று பேரின் பெயரையும் எண்ணையும் கையால் ஒரு தாளில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

“என்ன இது?”

“அந்த நாப்பத்தி மூணு பேரு. யாருக்கும் தெரியாம எழுதி எடுத்துட்டு வந்தேன். நீங்க கூப்பிட்டுச் சொல்லிடுங்க அண்ணி. கண்ணாடிய மாத்தச் சொல்லிடுங்க.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“நான் கூப்பிட்டு யாருன்னு சொல்றது?” என்றாள். “நம்பாதவங்க ஆபீஸுக்குத்தான் திரும்பக் கூப்பிடுவாங்க. வேலைய விட்டு அனுப்பினவ, ஆத்திரத்துல பேசறான்னு சார் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. நீ கூப்பிடு. நீதான் அங்க இருக்கே. உன்கிட்டதான் அவங்க முதல்ல சொன்னாங்க.”

“நான் சொன்னா விஷயம் சாருக்குப் போகும். என் வேலை போயிடும் அண்ணி.”

“ஆமா,” என்றாள். “போயிடும்.”

தாளை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணனின் சட்டையை எடுத்து, காலரை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

அடுத்த மாதம் நான் தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். போகாதே என்று அண்ணன் சொன்னான். அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வரைக்கும் வந்தாள்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, போன மாதம், பகல் பன்னிரண்டு மணிக்கு, முதல் எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

“அவரு பஸ் எடுத்துட்டுப் போயிருக்காரு. சாயங்காலம்தான் இறங்குவாரு. ஓட்டும்போது போன் எடுக்க மாட்டாரு,” என்றாள். “நீங்க யாரு? என்ன விஷயம்?”

தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.